நாட்டியக் குதிரையை நிற்கப் பழக்குவது

எங்கள் செவலை, மார்வாரி இனம். திருவிழாக்களில் நாட்டியம் ஆடியே வளர்ந்தது. எங்காவது கொட்டுச் சத்தம் கேட்டால் போதும், நின்ற இடத்திலேயே கால் மாற்றித் தூக்க ஆரம்பித்துவிடும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அழகு. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும். கடிவாளத்தை இழுத்தால் துள்ளல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அதனால் இழுப்பதை விட்டுவிட்டு, அடங்கி நிற்கும் கணத்துக்குத் தீனி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியான கணத்தில் ஒரு சத்தம், உடனே ஒரு வாய் தீனி. எதற்காகத் தீனி என்பதை அந்தச் சத்தம்தான் குதிரைக்குச் சொல்கிறது. டால்பின் பழக்குபவர்கள் விசில் ஊதுவதும் இதற்குத்தான். நாக்கைச் சொடுக்கினால் ‘நட’ என்று செவலைக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால், நான் ‘ம்ம்’ என்கிறேன்.

எந்தத் தீனி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெல்லத்தைக் காட்டினால் அதுவே ஒரு கொட்டுச் சத்தம் மாதிரி. சட்டைப் பையை முட்டித் துழாவும். காய்ந்த குதிரைமசால் தழை ஒரு பிடி என்றால் நிதானமாக மெல்லுகிறது. அதையும் என் உடம்பை ஒட்டிக் கொடுப்பதில்லை. கையை நீட்டி, அதன் நெஞ்சுயரத்துக்குக் கீழே கொடுத்தால் கழுத்து தானாகத் தாழ்கிறது.

தலையைத் தாழ்த்த வைப்பது சுலபம். சீக்கிரமே தலையைச் சட்டென்று இறக்கி என்னைப் பார்த்து ‘கொடு’ என்று நிற்கும். அது வித்தை, அமைதி இல்லை. இப்போது தலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மார்வாரிக் காதுகளின் நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். செவலை விறைப்பாக இருக்கும்போது இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். தளர்ந்தால் பக்கவாட்டில் சரிந்து நடுவே இடைவெளி விழும். அப்புறம் கீழுதடு தொங்கும், மூக்கிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வரும். அந்த மூச்சுக்குத்தான் ‘ம்ம்’. சந்தேகம் வந்தால் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்ப்பேன். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும்.

இடையிடையே தீனிக்குப் பதில், பிடரி முடியும் இடத்தில் நன்றாகச் சொறிந்துவிடுகிறேன். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குவதை பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் அளந்து பார்த்து, 1993-இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். செவலைக்கு மேலுதடு கோணிக்கொண்டு நீளும், அவ்வளவு சுகம்.

இன்றைய நிலவரம்: போனில் பதிந்த உறுமிச் சத்தத்தைத் தோப்பின் மறுகோடியில் மெதுவாக ஓடவிட்டால் மெல்லுவதை நிறுத்துவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் காதுகள் முட்டிக்கொள்கின்றன. உடனே குறைத்துவிடுவேன், தீனியைக் கூட்டி அந்த இடத்தைச் சமாளிக்கப் பார்ப்பதில்லை. சத்தம் பெரிதாகும் நாளில் தூரத்தைக் கூட்டுகிறேன், ஒரே நாளில் இரண்டையும் நெருக்குவதில்லை.

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கூட்டிவரச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். இந்த வருஷம் கிடையாது. கொட்டு, கூட்டம், நூற்றுக்கணக்கில் குதிரைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தூரத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்டவும் குறைக்கவும் அங்கே வழியில்லை. அடுத்தது எங்கள் தெருக்கோயில் சாயங்காலப் பூசை. அங்கே மணிச் சத்தம் மட்டும்தான்.