நோட்டில் ஏறிய பேச்சு

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் நம் பெயரோ அப்பா அம்மா பெயரோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுத வேண்டும். நீலகிரியில் பந்தலூர் பக்கம் எங்கள் குடியிருப்பில் அன்று ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இலங்கையிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, துருப்பிடித்த ஊசி குத்திய ரசீதுகள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மறுபடியும் நம்மள எங்க போகச் சொல்லுவாங்க பாப்பா?" என்று கேட்டார். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

என் பெயர் பட்டியலில் இருந்தது. அப்பா பெயரும் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒரு படிவத்துக்கா இவ்வளவு பயம் என்று இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் பெயர் பட்டியலிலிருந்து ஒருமுறை போயிருக்கிறது. போன பெயர் திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

என் தாத்தா பிறந்தது இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். 1947ல் இலங்கையில் நடந்த பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்த நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜெயித்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமே, 1948ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து மண்டபம் வழியாக நடையும் படகுமாகப் போனவர். 1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை என்று ஆனது. தாத்தா அதே லயத்தில்தான் இருந்தார், அதே மலையில்தான் கவ்வாத்து வெட்டினார். நாடு மட்டும் அவர் காலுக்கடியிலிருந்து போய்விட்டது.

நாடாளுமன்ற ஓட்டு போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது கிராம சபை ஓட்டு. தோட்டத்தில் குடியிருப்பவருக்குக் கிராம சபைத் தேர்தலில் இடமில்லை என்பது 1930களின் பிற்பகுதியிலேயே முடிவான விஷயம். கிராமம் வேறு, தோட்டம் வேறு. கிராமத்தில் பாலம் இடிந்தால் மெம்பரிடம் போகலாம். லயத்துக் கூரை ஒழுகினால் தோட்ட மேனேஜரான துரையிடம்தான் போக வேண்டும், அதுவும் கங்காணி வழியாக, கணக்கப்பிள்ளை வழியாக. ஆபீஸ் வாசலில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தாத்தா நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஒரே கூட்டம் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் பெயர் கூப்பிட்டால் "ஐயா" என்பார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் இதை இன்றைக்கும் "ஒப்பந்தம்" என்ற ஒற்றைச் சொல்லால்தான் சொல்வார்கள், பெரிய காய்ச்சலைச் சொல்வதுபோல.

1977ல் கண்டியிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. எனக்குப் பதினோரு வயது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு மேட்டுப்பாளையம் வந்து மலையேறினோம். பஸ் வளைவு திரும்பத் திரும்பப் பாட்டி, "ஹட்டன் மாதிரியே இருக்குடா, ஹட்டன் மாதிரியே இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்களைப்போல வருகிறவர்களுக்காகத்தான் 1968ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976ல் அது டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. கொழுந்து அதே கொழுந்து. அங்கே லயம் என்றது இங்கே லைன், கூடலூர்ப் பக்கம் சிலர் வாயில் பாடி. அங்கே ஸ்டோர் என்றது இங்கே பேக்டரி. அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரங்க.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்காக நான் அழுத நாட்கள் உண்டு. அதையெல்லாம் இங்கே நீட்டவில்லை.

1980 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றார். திரும்பி வந்து விரல் மையை மூன்று நாள் சோப்புப் படாமல் பார்த்துக்கொண்டார், சோற்றைக்கூட ஸ்பூனில் சாப்பிட்டார். அந்த வருஷக் கடைசியில் இறந்துபோனார். எந்த நாட்டுக்காரராகச் செத்தார் என்று யாராவது கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடிந்தது.

உள்ளாட்சி ஓட்டு எனக்குக் கிடைக்க இன்னும் நாளானது. 1986ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு இருபது வயது. அப்போது ஓட்டுக்கு 21 ஆகியிருக்க வேண்டும். 18 என்று மாறியது 1989ல்தான். அதன் பிறகு பத்து வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலே வரவில்லை. 73வது அரசியல் சட்டத் திருத்தம், 1994ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் எல்லாம் வந்த பிறகு 1996 அக்டோபரில் நடந்த தேர்தல்தான் எனக்கு முதல் பஞ்சாயத்து ஓட்டு. முப்பது வயதில், இடுப்பில் பிள்ளையோடு.

கிராம சபை என்ற ஒன்று இருக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. அப்போது அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்டோபர் 2ஆம் தேதி கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். சமுதாயக் கூடத்துக்கு வெளியே தூண் ஓரமாக நின்றேன். பஞ்சாயத்து கிளார்க் எட்டிப் பார்த்து, "ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார். "வரலாங்களா சார்?" என்றேன். "ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்குல்ல? அப்ப நீங்களும் சபைதான்" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்னது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது, வந்தவர் அத்தனை பேரும் உறுப்பினர். எனக்கு அன்றைக்கு நெஞ்சு அடைத்தது. ஆபீஸ் வாசலில் தலைப்பாகையோடு நின்ற தாத்தாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

எங்கள் ஊர்க் கூட்டம் பார்க்கவே அழகாக இருக்கும். நாங்கள் இலங்கைத் தோட்டங்களின் மலையகத் தமிழில் பேசுவோம், சேட்டன்மார் மலையாளத்தில் கேட்பார்கள், பணியர் என்ற பழங்குடியினரின் குடியிலிருந்து வந்த பெண்கள் பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேச ஆரம்பிக்கப் பல வருஷம் ஆனது. பேசியபோது முதலில் கேட்டது சுடுகாட்டுப் பாதை.

நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஜனத்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று கிராம சபைக்கு வருகைக் கணக்கு உண்டு. மலையில் மழை நாளில் அத்தனை பேர் வருவது கஷ்டம். ஒரு வருஷம் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். என்ன தீர்மானம் என்று கேட்டால், "போடுங்கக்கா, பார்மாலிட்டிதான்" என்றார்கள். என் தோழி ஒருத்தி பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மான நகலை வாங்கினாள். நாங்கள் பேசவே பேசாத நான்கு விஷயம் அதில் இருந்தது. அதிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: கூட்டம் முடியும் முன்னால் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்வோம். வாசிக்காமல் கையெழுத்துக் கிடையாது.

அப்பா ரிட்டையரான பிறகு லைன் வீட்டைக் காலி செய்து, நாங்கள் குடிசை போட்டது செக்‌ஷன் 17 நிலத்தில். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1969ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17வது பிரிவின் கீழ் தீர்வாகாமல் கிடக்கும் நிலம். பட்டா கிடையாது, கரண்டுக்கும் அலைய வேண்டும். ரோடு கேட்டால் "அது நம்ம நிலம் இல்லம்மா" என்று பதில் வரும். இலங்கை மஸ்கெலியாவிலிருந்து சித்தப்பா மகள் போனில் ஒருநாள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அங்கே பிரதேச சபை என்றால் நம் பஞ்சாயத்து மாதிரி உள்ளாட்சி சபை. 1987ன் பிரதேச சபைச் சட்டப்படி சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் இருந்திருக்கிறது. ஓட்டு திரும்பி வந்த பிறகும், லயத்துக்கு முன்னால் இருக்கிற ரோடு சபையுடையது இல்லை. 2018ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வருஷம் பிப்ரவரித் தேர்தலுக்கு முன்னால் அம்பகமுவைப் பிரதேச சபையைப் பிரித்து மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபை கொடுத்தார்கள். "அக்கா, இப்ப நம்ம ஆளே தவிசாளர், சபைத் தலைவர்" என்று அவள் கத்தியதில் போன் காதைக் கிழித்தது.

அப்போது இங்கே எங்களுக்குச் சபை இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத்தில் நின்றுபோய், தேர்ந்தெடுத்த சபைக்குப் பதிலாகத் தனி அலுவலர் வந்திருந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம். ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குழாய் உடைந்தால் மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம், அதிகாரி வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பகுதியில் இருட்டினால் யானை நடக்கும். தெருவிளக்கு எரியாத பாதையில் வேலை முடிந்து வருகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். யானை வந்த வழியில் செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். விளக்கு என்பது எங்களுக்கு வசதிக்காகக் கேட்கிற பொருள் கிடையாது.

2019 டிசம்பரில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் கொண்டுவந்த திருத்தம் நடைமுறைக்கு வந்த முதல் தேர்தல் அது. கையில் நான்கு சீட்டு: வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு நானும் தோழியும் ஒரு வாரம் நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்டினோம். 2020 அக்டோபர் 2 கிராம சபை கொரோனாவால் நடக்கவில்லை. ஆனால் 2022லிருந்து வருஷத்துக்கு நான்காக இருந்த கூட்டம் ஆறானது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ம், நவம்பர் 1ம் சேர்ந்தன.

2025 ஜனவரி 5ஆம் தேதி அந்த ஐந்து வருஷம் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர். சித்தப்பா மகளுக்குப் போன் போட்டால் அவள் பக்கமும் அதே கதை: 2023 மார்ச்சோடு சபைகள் முடிந்து, தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனார்கள், தள்ளியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் சபை போன ஐந்தாவது மாதம், மே 6ஆம் தேதி, அவளுக்கு ஓட்டு வந்தது. "இந்தியா போய் நீங்க தப்பிச்சீங்கன்னு நெனச்சேனே அக்கா" என்றாள். நான் அவளிடம் சண்டை போட்டேன். இங்கே எனக்குக் கிடைத்ததை யாரும் குறைத்துப் பேசினால் தாங்க முடிவதில்லை. அதனால்தான் ஒரு மாதம்கூட அது இல்லாமல் இருக்கிறதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. 1983க்குப் பிறகு அகதியாக வந்து முகாமில் இருக்கிற எங்கள் மலையகச் சனத்துக்கு அந்த ஓட்டும் இல்லை என்பதை நினைத்தால் இன்னும் பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 15ஆம் தேதி கூட்டத்துக்குப் போனேன். நல்ல மழை. தலைவர் நாற்காலியில் அதிகாரி. வேலைக்குப் போகாமல் எங்கள் குடியிருப்பிலிருந்து முப்பத்தேழு பேர் வந்திருந்தோம். வளைவிலிருந்து மேல் குடி வரைக்கும் விளக்கு வேண்டும் என்று பணியர் குடிப் பெண் ஒருத்தி எழுந்து பேசினாள். நிலப் பிரச்சினை இருக்கிறதே என்றார் அதிகாரி. "யானைக்கு அது தெரியாதுங்க சார்" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் வாசிக்கச் சொன்னோம். கிளார்க் வாசித்தார். வளைவிலிருந்து மேல் குடி வரை இரண்டு தெருவிளக்கு என்று இருந்தது.

"மூணு சார்" என்றேன்.

அடித்து, மூன்று என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் நாங்கள் நோட்டை வாங்கினோம்.