ஐந்தாம் வகுப்புப் பையனும் ஈர்க்குச்சிக் கட்டும்

52-ல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு அந்தப் பையன் சிலேட்டில் 35 என்று எழுதிக் காட்டினான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான், எது மேலே எது கீழே என்றெல்லாம் பார்க்கவில்லை. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் பின்னம் நடந்துகொண்டிருந்தது.

இது 2021 கடைசியில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. மூன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் வீட்டுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்து உட்கார்ந்தது ஐந்தாம் வகுப்பில். அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 27 அன்று, எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார். ஊரில் படித்த ஒருவர் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகள் இருபது பேர் வரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்தாம் வகுப்பு வரை என்றால் பிளஸ் டூ போதும், அதற்கு மேல் என்றால் பட்டம் வேண்டும். நான் பெயர் கொடுத்தேன். எங்கள் வீட்டுத் திண்ணைதான் மையம்.

முதல் இரண்டு வாரம் நானும் பள்ளிக்கூடம் மாதிரியே அவரவர் புத்தகத்தை எடுக்கச் சொல்லி அந்தந்தப் பாடத்தை நடத்தினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். எனக்கு என்னவோ போல இருக்கவே, பக்கத்திலிருந்த படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு நாலாவது வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். வாய் திறக்கவில்லை. அத்தனையும் மனப்பாடம். சரி, புத்தகம் வேண்டாம் என்று சிலேட்டில் ‘கொக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். கொம்பைப் பார்த்து ‘கெ’ என்று தொடங்கினாள், துணைக்காலைப் பார்த்ததும் ‘கா’ என்று மாற்றினாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் இருப்பது சேர்ந்து ஒரே எழுத்து, ஒரே ஓசை என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து வகுப்பு எது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். யார் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து.

அந்தப் பையனுக்குத் தென்னை ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தேன். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் முன்னால். இதிலிருந்து எனக்கு 27 கொடு என்றேன். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தான். மிச்சம் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பதோ இரண்டுதான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், “இந்தக் கட்ட அவுக்கட்டுமா அக்கா?” என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவிழ்த்தான், பன்னிரண்டானது, ஏழு கொடுத்தான், கையில் இருந்ததை எண்ணினான். இருபத்தைந்து. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றியதில் ஏறியது.

இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது கணக்கு இல்லை, வெட்கம். ஐந்தாவது படிக்கிறவன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அடுத்த நாள் வரமாட்டான், பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்துவிடும். அதனால் அவனைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டச் சொல்வேன், அதற்காக முந்தின நாளே என்னிடம் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்துப் பழகுவான். அவன் படிக்க வேண்டியதும் அந்தப் புத்தகம்தான், ஆனால் கையில் வாங்கும்போது தலை குனிய வேண்டியதில்லை. ஒருநாள் நாற்று நட்டுவிட்டு வந்த அவன் அம்மா, கால் சேறு கூடக் காயாமல் திண்ணை ஓரம் நின்று, “ஏம்மா, அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு ரெண்டாவது கணக்கு சொல்லித் தர்றியாமே” என்று கேட்டார். கோபம் இல்லை, பயம். அவர் எதிரிலேயே 83-ல் 46 கழிக்கச் சொன்னேன். குச்சி இல்லாமலே 37 என்று எழுதினான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார், அதற்கப்புறம் தினமும் ஐந்து மணிக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது அவர்தான்.

அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்துவிட்டது, அப்படி வந்ததில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறது அவர்கள் கணக்கு. படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 2022 ஜூனில் பள்ளிகளிலேயே வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படிதான் பிரித்தார்கள். அது சரியான வழி என்று திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நிறையப் பேர் காசு கொடுத்து டியூஷன் அனுப்புகிறார்கள். அங்கே வீட்டுப்பாடத்தை எழுதி முடித்து அனுப்பிவிடுகிறார்கள் என்றால், தயவுசெய்து ஒருநாள் உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் படத்தை மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் திட்டாதீர்கள். எந்த எழுத்தில் நின்றது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் என் திண்ணைக்கு ஏழு பேர் வருகிறார்கள். நாலாவது படிக்கிற ஒருத்தி 402-ல் 187 கழிக்கும்போது நடுவில் இருக்கிற பூஜ்யத்தில் வந்து நின்றுவிடுகிறாள், கடன் கேட்கப் போன இடத்திலும் ஒன்றும் இல்லையே என்கிறாள். நாளைக்கு அவளுக்காக நூறு குச்சிக் கட்டு நாலு கட்டணும்.