பீவரும் நாங்களும் ஒரே மரத்துக்கு அலைஞ்சோம்

பிப்ரவரி 8
ஒரே மரத்துல தோணி செய்யுறதை கத்துக்க, தார்த்துல இருந்து இருட்டோட கிளம்பி சோமா வந்தாச்சு. எஸ்தோனியாவுல 1993ல தேசிய பூங்கா ஆக்கின இடம், பேருக்கே சதுப்பு நிலம்னுதான் அர்த்தம். குளிர் மைனஸ் 14, மூக்கு இருக்கான்னு தொட்டு பாத்துக்கணும். காட்டுப் பாதையில ஓநாய் தடம் ஒத்தை வரிசையா போச்சு, ஒண்ணுதான் போயிருக்குன்னு சொன்னேன், படகு செய்யுற பெரியவர் பேசாம நடந்தார், கொஞ்ச தூரம் தள்ளி வளைவுல பாத்தா தடம் மூணா பிரியுது. முன்னாடி போற ஓநாய் மிதிச்ச குழியிலயே பின்னாடி வர்றதும் கால் வைக்குமாம், பனியில அலுப்பு குறையும்.

பிப்ரவரி 9
இன்னிக்கு பூரா மரம் தேடினோம். இங்க செய்யுற தோணி பேரு ஹாப்யஸ், ஆஸ்பென் மரத்துக்கு அவங்க பாஷையில ஹாப், அதுல இருந்து வந்த பேரு. ஒரே மரத்தை குடைஞ்சு செய்யுறது, அதனால நேரா கிளை இல்லாம ஓங்கி நிக்கணும், உள்ள உளுத்திருக்கக் கூடாது. பெரியவர் கோடாலி பின்பக்கத்தால தட்டி தட்டி காது குடுத்து கேக்குறார், நம்மூர்ல தர்பூசணி வாங்குற மாதிரியேதான். நல்லதா ஒண்ணு கிடைச்சுதுன்னு கிட்ட போனா அடியில பீவர் (ஆத்துல வாழ்ந்து மரத்தை கொறிக்கிற பிராணி) கொறிச்சு வெச்சிருக்கு! அதுக்கும் ஆஸ்பென் பட்டைன்னா உசுரு. குளிர்காலத்துக்குன்னு கிளைகளை ஆத்துக்கு அடியில சேத்து வெச்சு, மேல ஐஸ் மூடினாலும் கீழயே போய் தின்னுட்டு வருது. சாயங்காலம்தான் வேற மரம் கிடைச்சு வெட்டினோம், மரத்தோட கொண்டைய, அதான் உச்சிக் கிளைகளை, அங்கயே விட்டுட்டோம்.

பிப்ரவரி 23
மரம் செதுக்குற வாச்சி புடிச்சு கை ரெண்டும் கொப்புளம். எவ்வளவு குடையணும்னு எப்படி தெரியும்னு கேட்டேன், வெளிப்பக்கம் துளை போட்டு ஒரே அளவுல குச்சி அடிச்சு வெச்சிருக்கார், உள்ள இருந்து செதுக்கும்போது குச்சி முனை தெரிஞ்சா நிறுத்திடணும். அவ்ளோதான் டெக்னாலஜி.

மார்ச் 15
விரிக்கிற நாள். குடைஞ்சு முடிச்சதும் ஒல்லியா பன்னி தொட்டி மாதிரிதான் இருந்துச்சு, இதுல யார் உக்காருவான்னு நெனச்சேன். தீ மூட்டி சூடாக்கிட்டே இருக்கணும், காஞ்சு போகாம தண்ணி தெளிச்சுட்டே இருக்கணும், குறுக்க குச்சி வெச்சு, இளகினதும் அதைவிட நீள குச்சி, அப்புறம் அதைவிட நீளம். அவசரப்பட்டா வெடிச்சுரும், நான் ஒரு குச்சிய கொஞ்சம் ஓங்கி அடிச்சுட்டேன், டப்புனு சத்தம், உசுரே போச்சு, நல்லவேளை விளிம்புல சின்ன கீறல்தான். பெரியவர் திட்டல, குச்சிய மட்டும் கையில இருந்து வாங்கிட்டார். பக்கம் விரிய விரிய ரெண்டு முனையும் தானா மேல எழும்புச்சு பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துக்கு கொப்புளமெல்லாம் தகும். 2021ல யுனெஸ்கோ இந்த வேலைய அவசரமா காப்பாத்த வேண்டிய பட்டியல்ல சேத்துச்சு, ஏன்னா செய்யத் தெரிஞ்சவங்க கொஞ்ச பேர்தான்.

ஏப்ரல் 4
அஞ்சாவது பருவம் வந்துருச்சு, வெள்ளத்தை அப்படித்தான் சொல்றாங்க (நமக்கு ஆறு பருவம் இருக்குன்னு பெருமை அடிச்சுகிட்டேன்). மேட்டுல உருகின பனியெல்லாம் இந்த தட்டையான நிலத்துக்கு ஒண்ணா வந்து சேருது, ஆறுகளால வடிக்க முடியல. ரோடு காணோம், போர்டு மட்டும் தலைய நீட்டுது. 1931ல அஞ்சு மீட்டருக்கு மேல ஏறிச்சாம். ஹூப்பர் அன்னம் கூட்டமா புல்வெளி மேல மிதக்குது. எங்க ஹாப்யஸ்ல மரங்களுக்கு நடுவுல துடுப்பு போட்டு போனோம், சத்தமே இல்ல. நாங்க விட்டுட்டு வந்த கொண்டை கிட்ட போய் பாத்தா பட்டை மொத்தமும் உரிச்சு, வெள்ளை வெள்ளையா குச்சிங்க தண்ணியில சுத்திட்டு இருக்கு. பெரியவர் ஒண்ணை எடுத்து பல் தடத்தை தடவி பாத்து, என்கிட்ட நீட்டி, "உன்னைவிட நல்லா செதுக்குது"ன்னார்.