காலில் தெரியும் நீர்மட்டம்: கொக்குகளையும் நாரைகளையும் பதினான்கு வாரங்கள் குறித்து வைத்த அனுபவம்

முதல் இரண்டு வாரங்களும் நான் செய்தது வெறும் எண்ணிக்கைதான். ஏரிக்கரையில் விடியற்காலையில் உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை என்று எழுதிவந்தேன். பக்கங்கள் நிறைந்தன, ஆனால் ஒரே நீர்நிலையில் சாம்பல் நாரை ஒரு மூலையிலும் நத்தைகுத்தி நாரை இன்னொரு மூலையிலும் ஏன் நிற்கின்றன என்பதற்கு அந்த எண்களில் விடை கிடைக்கவில்லை. தண்ணீரின் ஆழத்தையும் சேர்த்துக் குறித்தால் விளங்கக்கூடும் என்று தோன்றியது.

அதற்காக அளவுக்கோடுகள் போட்ட மூங்கில் கழி ஒன்றைத் தண்ணீரில் நட்டேன். அது தவறாகிப்போனது. அடுத்த இரண்டு காலைகளிலும் அந்தப் பக்கம் ஒரு பறவைகூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் கழியைப் பிடுங்கிவிட்டேன்; மறுநாளே சின்னக் கொக்குகள் திரும்பி வந்தன. நாம் பார்க்க விரும்புவதை நாமே கலைத்துவிடக் கூடாது என்பதால், தண்ணீருக்குள் எதையும் வைக்காமலே அளக்கும் வழியைத் தேடினேன்.

வழி பறவையின் காலிலேயே இருந்தது. நீண்ட காலின் நடுவில், முழங்கால் பின்பக்கமாக மடிவதுபோல் தெரியும் மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் உடலோடு ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. கணுவுக்குக் கீழே உள்ள பகுதி சின்னக் கொக்குக்கு ஏறக்குறைய 10 செ.மீ., சாம்பல் நாரைக்கு ஏறக்குறைய 15 செ.மீ., சங்குவளை நாரைக்கு 20 செ.மீ.க்கும் மேல். ஆகவே தண்ணீர் கணுவுக்குக் கீழா, கணுவிலா, கணுவுக்கு மேலா, வயிற்றைத் தொடுகிறதா என்று 8×42 இருநோக்கியில் பார்த்து நான்கு குறிகளில் ஒன்றைப் போட்டால், அந்த இடத்தின் ஆழம் ஓரளவு கிடைத்துவிடும். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கை, தாழ்அலையின்போது 6 மீட்டர் ஆழத்துக்கு மிகாத கடல்நீரையும் ஈரநிலமாகவே கொள்கிறது. ஆனால் என் குறிப்பேட்டில் நடந்து இரைதேடும் பறவைகள் அனைத்தும் அரை மீட்டருக்குள்ளேயே அடங்கிவிட்டன. நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் அவற்றின் இரைவெளியே இடம் மாறிவிடுகிறது.

ஐந்தாம் வாரக் குறிப்புகளில் பாதியை நான் அடித்துவிட வேண்டியதாயிற்று. பெரிய வெண்கொக்கையும் நடுத்தர வெண்கொக்கையும் ஒன்றாகவே எழுதியிருந்தேன். வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் அது பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். இதைக் கவனித்த பிறகு இரண்டும் நிற்கும் ஆழம் தனித்தனியாகத் தெளிந்தது.

ஆறாம் வாரத்தில் மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தது. சேற்றுத் திட்டில் முட்டையிட்டிருந்த நெடுங்கால் உள்ளான் இணை, சிறு குச்சிகளையும் வேர்த்துண்டுகளையும் கொண்டுவந்து கூட்டை உயர்த்திக்கொண்டே இருந்ததைத் தொலைவிலிருந்து பார்த்தேன். ஒன்று அடைகாக்க, மற்றது அலகில் எட்டியதையெல்லாம் எடுத்துப் பக்கவாட்டில் வீசிப் போட்டது. நான்கு முட்டைகளும் நனையாமல் தப்பின. அந்தக் காலை முழுவதும் வேறு எந்தப் பறவையையும் நான் குறிக்கவில்லை. குறிக்க மனமும் வரவில்லை.

ஆழத்தோடு இரைதேடும் முறையையும் எழுதத் தொடங்கியது எட்டாம் வாரத்தில். சின்னக் கொக்கு ஒன்று என்னிடமிருந்து இருபது அடிக்குள் வந்து நின்றது. கால்கள் கறுப்பு, பாதங்கள் மட்டும் மஞ்சள். ஒரு பாதத்தை முன்னால் நீட்டி, சேற்றின் மேல் நடுங்குவதுபோல் அசைத்தது. ஒளிந்திருந்த சிறு மீன் வெருண்டு ஓடியதும் கழுத்து பாய்ந்தது. சாம்பல் நாரையிடம் இந்தப் பரபரப்பு இல்லை. அது அசையாமல் காத்திருந்து குத்துகிறது. கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு நீண்டு, மற்றவற்றினின்று வேறுபட்டு அமைந்திருப்பதால்தான் கழுத்து ‘எஸ்’ வடிவில் மடிந்து, வில் விடுபடுவதுபோல் நீள முடிகிறது. பறக்கும்போதும் கொக்கினம் (பெயரில் நாரை என்றிருந்தாலும் சாம்பல் நாரையும் இதில் சேரும்) கழுத்தை மடித்தே வைத்திருக்கும். சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் நீட்டிப் பறக்கும். வானத்தில் உருவம் மட்டும் தெரியும் வேளையில் எனக்குப் பெரிதும் உதவிய அடையாளம் இதுதான்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து தண்ணீர் வேகமாக வற்றியது. மீன்கள் நடுக்குட்டையில் நெருங்கின. தண்ணீர் கலங்கிப் பழுப்பானது. அதுவரை கண்ணால் பார்த்துக் குத்திய கொக்குகள் தெளிந்த ஓரங்களுக்கு நகர்ந்தன. கலங்கலுக்குள் சங்குவளை நாரைகள் இறங்கின. அவை மீனைப் பார்க்க வேண்டியதில்லை. பாதி திறந்த அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கின்றன; எதுவாவது பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்கிறது. இவற்றின் அமெரிக்க உறவான மர நாரையில் இந்த மூடலுக்கு 25 மில்லிவினாடிதான் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆழம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்த நான், அன்று முதல் தெளிவு, கலங்கல் என்று ஒரு பத்தியையும் சேர்த்தேன். ஒரே ஆழமுள்ள இரு குட்டைகளில் பறவைகள் வேறுபட்டது ஏன் என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

நத்தைகுத்தி நாரை இந்தக் கணக்கில் தனி. அதற்கு மீனைவிட நத்தையே முக்கியம் என்பதால் பெரும்பாலும் கணுவுக்குக் கீழேதான் தண்ணீர் நின்றது. வளர்ந்த பறவையின் அலகுக்கு நடுவில் இடைவெளி உண்டு. இளம் பறவைகளுக்கு இல்லை. அது நின்ற இடத்தில் தரை காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். மூடி கழன்ற நத்தை ஓடுகள் சிதறிக் கிடந்தன. கையில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை உடையாமல், உள்ளே மட்டும் சுத்தமாகக் காலியாக இருந்தன.

பதினான்காம் வாரத்தில் நடுக்குட்டையும் சேறாகிவிட்டது; காலில் நீர்மட்டம் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் ஈரச் சேற்றில் பதிந்த தடங்களை வரைந்துகொண்டேன். கொக்கின் தடத்தில் முன்னால் மூன்று விரல்கள். மரக்கிளையைப் பற்றுவதற்கான நீண்ட பின்விரல், அதே மட்டத்தில் நன்றாக அழுந்தியிருக்கிறது. நெடுங்கால் உள்ளானுக்குப் பின்விரலே கிடையாது. மூன்று மெல்லிய கோடுகள் மட்டும், பழைய கூட்டின் மேட்டிலிருந்து இறங்கி, கடைசியாகத் தண்ணீர் நின்ற பள்ளம்வரை வரிசையாகச் செல்கின்றன.