யூவி விளக்கில் ஜெல் வெட்டப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் குளோனிங் (டிஎன்ஏ துண்டைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்குவது) எடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். பிளேட்டில் பாக்டீரியா காலனி வரவில்லை என்றதும் துண்டுகளை ஒட்டும் நொதியான லைகேஸைக் குறை சொல்லாதீர்கள். முதலில், டிஎன்ஏ துண்டை வெட்டியெடுத்த ஜெல் எவ்வளவு நேரம் யூவியில் (புற ஊதா ஒளியில்) இருந்தது என்று பாருங்கள்.

டிஎன்ஏ அதிகம் உறிஞ்சுவது 260 நானோமீட்டர் அருகில். 254-இல் சேதம் மிக வேகமாக நடக்கும். பெரும்பாலான ட்ரான்ஸ்இல்லுமினேட்டர்கள் (ஜெல்லுக்கு அடியிலிருந்து யூவி காட்டும் பெட்டிகள்) தரும் 302, 312-ம் பாதுகாப்பானவை அல்ல. ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின்கள் ஒட்டிக்கொண்டு டைமர் ஆகிவிடும். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் அந்த இடத்தில் நின்றுவிடும். துண்டு நீளமாக நீளமாக அடிபடும் இடங்களும் கூடும்.

இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய தொல்லை. பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ பட்டை) பளிச்சென்று இருக்கும், நானோட்ராப் கருவி காட்டும் டிஎன்ஏ அளவு குறையாது, லைகேஷனும் நடக்கும். செல்லுக்குள் போய் நகலெடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வைவாவில் இதையொட்டி ஒரு கேள்வி வரலாம்: குளோனிங்குக்குப் பயன்படும் ஈ. கோலை வகையான டிஎச்5 ஆல்ஃபாவில், மறுசேர்க்கைக்கு வேண்டிய ரெக்ஏ மரபணு செயல்படாது. இன்செர்ட் (நாம் சேர்த்த துண்டு) மறுசேர்க்கையில் குலையாமல் இருக்க அது நல்லது. ஆனால் அதனாலேயே மறுசேர்க்கை வழிப் பழுதுபார்ப்பும் எஸ்ஓஎஸ் எனும் அவசர எதிர்வினையும் அங்கே கிடையாது. வெட்டி நீக்கும் பழுதுபார்ப்பு உண்டு.

எங்களுக்குப் பிடித்த வழி, வெட்டும் டிஎன்ஏவுக்கு யூவியே காட்டாதது. டிஎன்ஏவை யூவியில் ஒளிரவைக்கும் சாயமான எத்திடியத்தை ஜெல்லில் சேர்க்காமல் ஓட்டுங்கள். ஓரக் கிணற்றில் மார்க்கரையும் (அளவு காட்டும் டிஎன்ஏ), அதை ஒட்டிய கிணற்றில் உங்கள் டைஜஸ்டில் (நொதியால் வெட்டிய டிஎன்ஏ) கொஞ்சத்தையும் போடுங்கள். மீதி பக்கத்து அகலக் கிணற்றில். ஓடி முடிந்ததும் அந்த ஓரத்தை மட்டும் வெட்டியெடுத்து, மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் எத்திடியத்தில் 20 நிமிடம் ஊறவிட்டு, யூவியில் பார்த்து, பேண்டின் மேலும் கீழும் பிளேடால் கீறுங்கள். யூவியை அணைத்துவிட்டு ஓரத்தைப் பழைய இடத்தில் பொருத்தி, கீறலுக்கு நேராக மற்றதை வெட்டுங்கள். மிச்ச ஜெல்லைப் பிறகு சாயமேற்றிப் பார்த்தால் சரியாக வெட்டினோமா என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேரமில்லையா? 365 கைவிளக்கு போதும். பேண்ட் மங்கலாகத் தெரியும், அறையை இருட்டாக்குங்கள். சைபர் சேஃப் சாயமும் நீல ஒளியும் இருந்தால் இன்னும் நல்லது. 312 மட்டும்தான் என்றால் பிளேடு, எடை பார்த்த ட்யூப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சில விநாடிகளில் வெட்டிவிட வேண்டும். 30 விநாடியிலேயே காலனி எண்ணிக்கை கண்கூடாகக் குறையும்.

நம்மூர் சித்திரை வெயிலில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓட்டினால் பஃபர் சூடேறி பேண்ட் இழுபடும். இழுபட்ட பேண்டைத் தேடி வெட்ட யூவி நேரம் கூடும். குளிர்ந்த டிஏஇ பஃபரில் 70 வோல்ட் போதும்.

சந்தேகம் தீர வெட்டாத பியூசி19 பிளாஸ்மிடை (வட்டமான சிறு டிஎன்ஏ) மூன்று கிணறுகளில் ஓட்டி, ஒன்றுக்கு யூவி காட்டாமல், மற்றவற்றுக்கு 30 விநாடி, 2 நிமிடம் காட்டிப் பிரித்தெடுங்கள். மூன்றிலும் 1 நானோகிராம் எடுத்து ட்ரான்ஸ்ஃபார்ம் செய்து (பாக்டீரியாவுக்குள் செலுத்தி) காலனிகளை எண்ணுங்கள். இதில் லைகேஸே இல்லாததால் குறைவு முழுக்க யூவி கணக்குதான்.

யூவியைத் தடுக்கும் முகத்தடுப்பு (ஃபேஸ் ஷீல்டு) கட்டாயம். கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவில் மணிக்கட்டு தெரிந்தால் அந்த இடம் வெந்துபோகும். கையுறையைக் கோட்டின் மேல் ஏற்றிப் போடுங்கள்.