தமிழ் எழுத்துக்குத் தீ வைத்த கதை

எங்கள் தெருப் பையன்கள் கபடி டி-ஷர்ட் அடிக்கிறார்கள், முதுகில் "தீப்பொறி" என்று எழுத்து எரிகிற மாதிரி வேண்டுமாம். இதற்கான செய்முறைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் நான் பார்த்த எல்லாமே ஃபோட்டோஷாப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தவை. நான் அதே வேலையைச் செய்கிற, இலவசமாகக் கிடைக்கிற ஜிம்ப் 2.10-இல் செய்தேன். யூனிகோடில் தட்டினால் "பொ" அதில் ஒழுங்காக வந்துவிடும். பழைய ஃபோட்டோஷாப்பிலோ, இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற அமைப்பைத் தேடிப் பிடித்துப் போடாவிட்டால் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, நல்ல தடிமனான எழுத்துரு (நான் எடுத்தது பாலூ தம்பி). இரண்டையும் ஒரே லேயராக்கிவிட்டு (லேயர் என்பது படத்தின் ஒரு அடுக்கு), டிஸ்டார்ட்ஸ் மெனுவில் இருக்கும் விண்ட் ஃபில்டர், அதாவது காற்று அடித்த மாதிரி எழுத்தின் ஓரத்தைக் கோடுகளாக இழுத்துவிடும் கட்டளை. ஃபோட்டோஷாப்பில் காற்று இடம் வலமாக மட்டும்தான் வீசும், அதனால் அங்கே படத்தை 90 டிகிரி திருப்பி, வேலை முடிந்ததும் நிமிர்த்துவார்கள். ஜிம்பில் மேலும் கீழும்கூட உண்டு, முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கோடுகள் எழுத்தின் தலையிலிருந்து மேலே நீளுகிற திசையைப் பிடித்தால் சரி. அப்புறம் அதே ஃபில்டரைத் திரும்பப் போட கன்ட்ரோல்-எஃப், திரும்பவும் கன்ட்ரோல்-எஃப். அதன் மேல், மங்கலாக்குகிற காஸியன் பிளர் கொஞ்சம்.

வண்ணம்தான் எனக்குப் பிடித்த இடம். கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் பட்டை) பட்டியலில் இன்கேண்டசென்ட் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்து, படத்தின் வெளிச்சத்துக்கேற்ப அந்த நிறங்களைப் பூசுகிற கிரேடியன்ட் மேப் கொடுத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்க, சாம்பல் நிறமெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறி வெள்ளையில் முடியும். அதாவது எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே சூடு அதிகம், இரும்பைக் காய்ச்சினால் நிறம் மாறுகிற அதே வரிசை. பிளர் போடாமல் வந்தால் சாம்பல் போதாது, நெருப்புக்குப் பதில் சீப்பு மாதிரிதான் தெரியும். அதற்குப் பிறகு வார்ப் கருவியால் நாக்குகளை இழுத்து நெளிக்கலாம், பெரிய பிரஷ்ஷில் தொடங்கி சின்னதற்கு வாருங்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்க்காதீர்கள்.

ஆங்கிலச் செய்முறைகள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய பெரிய எழுத்துகளுக்கு மேலே ஒன்றும் கிடையாது, தீ தாராளமாக எழும்பலாம். நமக்கோ தலைக்கு மேல்தான் புள்ளியும் விசிறியும் சுழியும். "ப்" மேல் இருக்கிற புள்ளி கீழிருந்து வரும் தீயில் கரைந்து "தீபபொறி" ஆகிவிடுகிறது, "றி"யின் விசிறியும் பாதி மறைகிறது. வழி இதுதான்: அதே எழுத்தை அதே இடத்தில் புது லேயராகக் கூர்மையாக மேலே வைத்து, அடியில் கருஞ்சிவப்பும் தலையில் மஞ்சளுமாக நிரப்பி, புள்ளியைச் சுற்றி மட்டும் தீயை லேயர் மாஸ்க்கில் (கறுப்புப் பூசிய இடத்தில் லேயரை மறைக்கிற முகமூடி) மெல்லிய கறுப்பால் தணித்துவிடுங்கள். தீயும் குட்டையாக இருக்கட்டும். நீளமான சுவாலை கணினித் திரையில் பிரமாதமாக இருக்கும், பத்தடி தள்ளி நின்றால் ஒரு எழுத்தும் படிக்க வராது.

அளவு இன்னொரு தலைவலி. 10 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 3000 பிக்சல், அந்த அளவில் விண்ட் ஃபில்டர் மீசை முளைத்த மாதிரி துளியூண்டு தீயைத்தான் தரும். 1000 பிக்சலில் தீயை மட்டும் செய்து மூன்று மடங்காகப் பெருக்கிக்கொள்ளலாம், தீ எப்படியும் மங்கலானதுதானே, குறை தெரியாது. எழுத்தை மட்டும் 3000-இல் புதிதாகத் தட்டுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் தீ லேயரில், ஒரு நிறத்தை ஒளிபுகும்படி ஆக்கும் கலர் டு ஆல்பா கட்டளை போட்டுக் கறுப்பை நீக்கி, அந்த வெறுமை அப்படியே நிற்கிற பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தேன். துணி கறுப்பாக இருக்க வேண்டும் என்று பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், வெள்ளைத் துணியில் இந்தத் தீ குங்குமக் கறைபோல் ஆகிவிடும். அவர்களுக்கு மஞ்சள் டி-ஷர்ட்தான் வேண்டுமாம், அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.