ஈ ஓட்டிய கதை

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால் ஈ ஓட்டுகிறேன் என்பேன், அதில் பொய்யும் இல்லை. சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் போட்டுக் காய்ச்சிய கூழில் வளரும் பழ ஈக்களை வைத்து, மூளை நரம்புகளை மெல்லச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயை ஆராய்வதுதான் என் பிழைப்பு.

இந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறிப்பிட்ட ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் 40 தடவைக்கு மேல் அடுத்தடுத்து வந்துவிட்டால் தப்புவது கடினம். மனிதரில் பெரும்பாலும் 30, 40 வயதுக்கு மேல் தலைகாட்டுவது, அந்த நீண்ட சரத்தை ஈயின் நரம்புகளில் ஓடவிட்டால் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

பார்ப்பதற்கு எளிய வழி, குப்பியை மேசையில் தட்டுவது. ஈக்கள் அடியில் விழும். நல்ல ஈ உடனே கண்ணாடிச் சுவரில் விறுவிறுவென ஏறும், நோயுள்ளது பாதி ஏறி, நின்று, முன்காலை ஒருமுறை தேய்த்துவிட்டு வழுக்கி விழும். 10 வினாடியில், குப்பியில் போட்டு வைத்த கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மருந்தைக் கூழில் கலந்து கொடுத்தேன். மருந்து தின்றவை ஜோராக ஏறின, தின்னாதவை விழுந்தன. இரண்டு வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, மருந்து கிடைச்சிடுச்சும்மா என்றே சொல்லிவிட்டேன்.

சீனியர் அக்கா என் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "குப்பியெல்லாம் எங்கடா வச்ச?" என்றுதான் கேட்டார். மருந்துக் குப்பிகள் இன்குபேட்டரின் கீழ்த் தட்டில், மற்றவை மேல் தட்டில். தெர்மாமீட்டர் வைத்தோம்: கீழே 25 டிகிரி, மேலே 27. ஈக்குள் அந்த மரபணுவை முடுக்குவது ஈஸ்டிலிருந்து எடுத்த கேல்4 என்ற புரதம், 1993-இல் ஆய்வாளர்கள் பிராண்டும் பெரிமானும் கொண்டுவந்த முறை. சூடு கூடக்கூட அதன் வேகமும் கூடும். மேல் தட்டு ஈக்களுக்கு நான் நோயையே கூடுதலாக ஊட்டியிருக்கிறேன்! பாடத்தில் படித்ததுதான், குப்பியை அடுக்கும்போது கைக்கு அது தெரியவில்லை.

தட்டுகளைத் தினமும் மாற்றி மாற்றி வைத்து மறுபடி செய்தேன். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி வழுக்கின. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். நான் இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை.